கூத்துப் பந்தலுக்கு அனுமதி: ஒரு மாத நாட்குறிப்பு

ஜனவரி 27, 2025, திங்கள்

தெருக் கூட்டத்தில் முடிவாகிவிட்டது. பிப்ரவரி 22 சனிக்கிழமை இரவு, எங்கள் நகர்த் திடலில் விடிய விடியத் தெருக்கூத்து. செய்யாறு பக்கத்து ஜமாவுக்கு, அதாவது கூத்துக் குழுவுக்கு, முன்பணமும் கொடுத்தாயிற்று. பந்தல், மேடை, மைக் எல்லாவற்றுக்கும் ஆள் பிரித்தார்கள். அனுமதி என் தலையில் விழுந்தது. "நீதான் அச்சகம் வெச்சிருக்கியே, ஒரு மனு அடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?" என்றார் தலைவர். மனு அடிக்க அஞ்சு நிமிஷம். அடித்துவிட்டேன்.

ஜனவரி 29, புதன்

மாநகராட்சி தபால் பிரிவில் மனுவை வாங்கிப் பார்த்த அம்மா சிரித்துவிட்டார். "நிலம் எங்களோடது, அதுக்கு மட்டும்தான் நாங்க. கூட்டத்துக்குப் போலீஸ், தீக்குத் தீயணைப்பு, கரண்டுக்கு ஈ.பி. மூணு இடத்துலயும் தடையில்லாச் சான்று வாங்கிட்டு வாங்க. வரைபடம் எங்கே?" என்றார். மனு ஒரு பக்கம், இணைப்பு ஏழு பக்கம். திடல் வாடகை போக முன்வைப்புத் தொகையும் உண்டு. திடலைச் சுத்தம் செய்து, குழிகளை மூடிக் கொடுத்தால் திரும்பக் கிடைக்கும்.

இரவு மகளின் கிராஃப் தாளில் திடலை வரைந்தேன். வேப்பமரம், டிரான்ஸ்பார்மர், கழிப்பறை, டீக்கடை. பந்தலுக்கு 60 அடிக்கு 40 அடி. பந்தல் கடைசியில் டிரான்ஸ்பார்மர் மேலேயே போய் உட்கார்ந்தது. அழித்து மறுபடி வரைந்தேன்.

ஜனவரி 31, வெள்ளி

காவல் நிலையம். ஆய்வாளர் பொறுமையான மனிதர். எத்தனை பேர் வருவார்கள், வண்டி எங்கே நிற்கும், தன்னார்வலர் எத்தனை பேர், பெண்கள் உட்காரத் தனி இடம் உண்டா என்று வரிசையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். பேனர் வைப்பீர்களா என்று கேட்டபோது மட்டும் குரல் மாறியது. 2017-இல் கோவையில் சாலையில் நின்ற அலங்கார வளைவில் மோதி ஓர் இளைஞர் இறந்துபோனார். 2019-இல் பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து விழுந்து, ஸ்கூட்டரில் வந்த பெண் லாரியில் சிக்கி இறந்தார். வளைவும் இல்லை, பேனரும் இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். எங்கள் தலைவரின் படம் போட்ட பேனர் ஏற்கெனவே என் அச்சகத்தில்தான் காய்ந்துகொண்டிருந்தது. அதை அங்கே சொல்லவில்லை.

அப்புறம் மைக். "பத்து மணிக்கு நிறுத்திடணும்."

"சார், கூத்தே பத்து மணிக்குத்தான் சூடு பிடிக்கும்."

"2000-ஆம் வருஷ ஒலி மாசு விதி. ராத்திரி பத்துலேருந்து காலை ஆறு வரைக்கும் ஒலிபெருக்கி கூடாது. பண்பாட்டு விழாவுக்குப் பன்னண்டு வரைக்கும் தளர்வு தரலாம், வருஷத்துல பதினைஞ்சு நாள். ஆனா அதை அரசாங்கம்தான் தரணும், நான் தர முடியாது. மார்ச் 3 பிளஸ் டூ பரிட்சை வேற. உங்க தெருவுலயே பசங்க படிப்பாங்கல்ல?"

படிக்கிறார்கள். எதிர் வீட்டிலேயே ஒருத்தி படிக்கிறாள்.

பிப்ரவரி 2, ஞாயிறு

ஜமா வாத்தியாருக்குப் போன் செய்து மைக் விஷயத்தைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. "எங்க அப்பா காலத்துல ஏது தம்பி மைக்கு? கொரல் இருக்கு, பின்பாட்டு இருக்கு, முகவீணை இருக்கு. ஜனங்களைக் கிட்ட உக்காரச் சொல்லுங்க, போதும்." நான்கு அடி மேடையும் வேண்டாம் என்றார். சலங்கை கட்டிக்கொண்டு பலகையில் குதித்தால் பலகை அதிருமாம், அடவு சரியாக விழாதாம். மண்தரைதான் வேண்டும்.

மேடை போனால் பொறியாளரின் உறுதிச் சான்றும் போகும்! கமிட்டியில் இரண்டு பேருக்கு முகம் சுண்டிவிட்டது. அவர்களுக்கு மேடையில் ஏறிப் பொன்னாடை வாங்க ஆசை.

பிப்ரவரி 5, புதன்

பந்தல்கார அண்ணன் வந்தார். சவுக்குக் கால், மூங்கில் குறுக்கு, மேலே தென்னங்கீற்று என்று கணக்குப் போட ஆரம்பித்தவரை நிறுத்தி, தீயணைப்பில் கீற்றுக்கு ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்றேன். "பனியில கீத்து மாதிரி வராது தம்பி. தகரம் போட்டா விடியக்காலைல சொட்டும்." அது உண்மைதான். ஆனாலும் தகரம் என்றே முடிவு. கட்டுவதற்கு நைலான் கயிறு வேண்டாம், தேங்காய்நார்க் கயிறே போதும் என்றும் சொல்லிவிட்டேன். தற்காலிகப் பந்தலுக்கு இந்தியத் தர நிர்ணயம் ஒன்று உண்டு, ஐ.எஸ். 8758. கூரை 3 மீட்டருக்குக் குறையக் கூடாது, மின்கம்பிக்குக் கீழே போடக் கூடாது, செயற்கை இழைத் துணியோ கயிறோ கூடாது என்கிறது. அண்ணன் காதில் வாங்கிக்கொண்டு, "இதெல்லாம் எங்க தாத்தாவுக்கே தெரியும்" என்றார். நைலான் கயிறு எப்போது வந்தது என்று நான் கேட்கவில்லை.

பிப்ரவரி 12, புதன்

நேற்று தைப்பூச விடுமுறை என்பதால் இன்றுதான் தீயணைப்பு நிலையம். அலுவலர் வரைபடத்தை மேசையில் விரித்தார். வந்திருந்த பந்தல்கார அண்ணனைப் பார்த்து, "கீத்து இல்லையே?" என்றார்.

"இல்லைங்க."

அலுவலர் பணியில் சேர்ந்த புதிதில் நடந்தது ஸ்ரீரங்கம் தீ விபத்து. 2004 ஜனவரி 23, கல்யாண மண்டபத்து மாடியில் போட்டிருந்த கீற்றுப் பந்தல். மணமகன் உட்பட ஐம்பது பேருக்கு மேல் போய்விட்டார்கள். அதே வருஷம் ஜூலையில் கும்பகோணம் பள்ளி, கீற்றுக் கூரை, 94 குழந்தைகள். அதற்கும் முன்னால், 1997-இல் தஞ்சைப் பெரிய கோயில் யாகசாலைப் பந்தல். இவற்றை அவர் பிரசங்கம் போலச் சொல்லவில்லை. என் வரைபடத்தில் வாசல் என்று குறித்திருந்த ஒரே ஒரு இடைவெளியில் பேனாவை வைத்துக்கொண்டே சொன்னார். "கீத்து எரியறது ஒண்ணு. ஜனங்க எல்லாரும் வந்த வழியாவே திரும்பி ஓடுவாங்க பாருங்க, அது இன்னொண்ணு." பேனாவால் வேப்பமரத்துப் பக்கமும் கழிப்பறைப் பக்கமும் இரண்டு வாசல் போட்டார். தண்ணீர் டிரம், மணல் வாளி, தீயணைப்பான் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

வெளியே வந்து டீ குடித்தோம். அண்ணன் வெகுநேரம் பேசவில்லை.

பிப்ரவரி 17, திங்கள்

தலை சுற்றுகிறது. மாநகராட்சிக் கடிதத்துக்குத் தீயணைப்புச் சான்று வேண்டும். தீயணைப்பில் பந்தலை நேரில் பார்த்தால்தான் சான்று. மாநகராட்சிக் கடிதம் இல்லாமல் திடலில் ஒரு கால்கூட நடக் கூடாது. ஈ.பி. தற்காலிக இணைப்புக்கும் அந்தக் கடிதமே வேண்டும். பிள்ளையாரைச் சுற்றுவது போல மூன்று நாளாகச் சுற்றுகிறேன்.

கடைசியில் ஓர் உதவிப் பொறியாளர், கோப்பைப் பார்த்துவிட்டு, "தீயணைப்புத் துறைச் சான்றுக்கு உட்பட்டு" என்று நாலு சொல்லைச் சேர்த்துக் கையெழுத்துப் போட்டார். நாலே சொல். முதல் நாளே யாராவது எழுதியிருக்கலாம்.

பிப்ரவரி 20, வியாழன்

காலையில் பந்தக்கால். மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, நவதானியம் போட்டு வடகிழக்கு மூலையில் முதல் காலை நட்டார் அண்ணன். மொத்தம் 28 கால். ஈ.பி. மீட்டர் மதியம் வந்தது. கசிவு வந்தால் தானாக விழும் சுவிட்சைப் பொருத்தி, எர்த் கம்பிக்கு உப்புத் தண்ணீர் ஊற்றினார்கள்.

பிப்ரவரி 21, வெள்ளி

தீயணைப்பு அலுவலர் டேப்போடு வந்தார். கூரை உயரம் சரி. வேப்பமரத்து வாசலில் டீக்கடைக்காரர் பெஞ்சு போட்டிருந்தார். "இதை எடுத்தாத்தான் கையெழுத்து." பெஞ்சை நானும் அண்ணனும் தூக்கினோம். சான்று கிடைத்தது மாலை 5.10-க்கு.

பிப்ரவரி 23, ஞாயிறு

இன்னும் தூங்கவில்லை. நேற்று ஒன்பதே முக்கால் வரை மைக்கில் கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் எங்கள் தலைவரைக் கலாய்த்துக்கொண்டிருந்தான். பத்துக்கு மைக்கை அணைத்தார்கள். ஒரு நிமிஷம் கூட்டம் சலசலத்தது, அப்புறம் எல்லோரும் பாயைத் தூக்கிக்கொண்டு முன்னால் நகர்ந்தார்கள். பாரதக் கதை விடிகாலை ஐந்தரை வரை போயிற்று. எதிர் வீட்டுப் பெண் பன்னிரண்டு மணி வரை உட்கார்ந்து பார்த்தாள். படிக்கச் சொல்லி யாரும் விரட்டவில்லை. அண்ணன் சொன்னது போலவே தகரம் சொட்டியது.

பிப்ரவரி 24, திங்கள்

முன்வைப்புத் தொகைக்குக் குழி மூடிய போட்டோ வேண்டுமாம். எண்ணி எண்ணி எடுத்ததில் 27 குழிதான் தேறியது. இருபத்தெட்டாவதை, போனைப் பார்த்துக்கொண்டே நடந்தபோது என் வலது கால் கண்டுபிடித்தது. செருப்பை வெளியே எடுத்து, மண்ணைத் தள்ளி மிதித்து, அதையும் படம் பிடித்தேன்.