எனக்குத் தெரியாத இரண்டு நிமிடங்கள்

வயிற்றின் அடியிலிருந்து ஏதோ ஒன்று மெல்லக் கிளம்பி, நெஞ்சு வழியாகத் தொண்டை வரை ஏறும். அது ஏறிக்கொண்டிருக்கும்போதே, நான் இருக்கும் அறையும் எதிரில் இருப்பவர் பேசும் சொற்களும் முன்பே ஒருமுறை அப்படியே நடந்து முடிந்தவை என்ற உணர்வு வரும். அதன் பிறகு எனக்கு நினைவிருப்பதெல்லாம் களைப்பும் லேசான தலைவலியும் மட்டுமே. இடையில் என்ன நடந்தது என்று யாராவது கேட்டிருந்தால், ஒன்றும் நடக்கவில்லை என்று உறுதியாகச் சொல்லியிருப்பேன். அது ஒருவகை வலிப்பு என்பது வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது.

வயிற்றில் தொடங்கியதால் முதலில் வயிற்று மருத்துவரிடம் சென்றேன். எண்டோஸ்கோபியில் குறை எதுவும் தெரியவில்லை. அடுத்து மனப்பதற்றம் என்று முடிவாகி, அதற்கான மாத்திரைகளை ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு சாப்பிட்டேன். அந்த மருத்துவர்கள்மீது எனக்குக் கோபம் இல்லை. நான் அவர்களிடம் சொன்னது பாதிக் கதைதான். மீதிப் பாதி என்னிடம் இருக்கவே இல்லை.

அது என் தம்பியிடம் இருந்தது. "அக்கா, நீ பேசிக்கிட்டே இருக்கும்போது திடீர்னு எங்கேயோ போயிடுற" என்று அவன் பலமுறை சொல்லியும், ஏதோ யோசனையில் இருந்திருப்பேன் என்று தட்டிக் கழித்திருக்கிறேன். கடைசியில் அவன்தான் பிடிவாதமாக என்னை நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றான். அந்த மருத்துவர் என்னிடம் பத்து நிமிடம் பேசிவிட்டு, அவனிடம் அரை மணி நேரம் பேசினார். கண் திறந்திருந்ததா, வாய் எப்படி அசைந்தது, எந்தக் கை என்ன செய்தது, கேட்ட கேள்விக்குப் பதில் வந்ததா, முடிந்தபின் எவ்வளவு நேரத்தில் தெளிவு வந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் எதையோ மெல்லுவதுபோல் வாயை அசைத்ததையும், வலது கையால் உடையின் ஓரத்தைப் பிடித்துப் பிடித்து இழுத்ததையும், இடது கை மடங்கி விறைத்து நின்றதையும், எல்லாம் முடிந்தபின் வலது கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டதையும் தம்பி நடித்தே காட்டினான். செல்பேசியில் பதிவு செய்திருந்த நாற்பது விநாடிக் காட்சியையும் காட்டினான். என் முகத்தை நானே அந்நியரைப் போலப் பார்த்தது அன்றுதான்.

ஸ்கேன் எதுவும் எடுக்கும் முன்பே, இது பொட்டு மடலில், அதாவது நெற்றிப்பொட்டுக்கு உள்ளே இருக்கும் மூளைப் பகுதியில், தொடங்கும் வலிப்பாக இருக்கலாம் என்றும், பெரும்பாலும் வலப்பக்கம் என்றும் மருத்துவர் சொன்னார். மூளையின் ஒவ்வொரு பாதியும் எதிர்ப்பக்கக் கையை ஆள்வதால், வலப்பக்கத்தில் எழும் மின்கலக்கம் ஆழத்துக்குப் பரவும்போது இடக்கை விறைக்கிறது. தன்னறியாமல் துழாவுவதும் பிறகு மூக்கைத் துடைப்பதும் பெரும்பாலும் கலக்கம் எழுந்த அதே பக்கத்துக் கைதான் என்று விளக்கினார். விழுந்து துடிப்பது மட்டுமே வலிப்பு என்று அதுவரை எண்ணியிருந்த எனக்கு, ஒரு கை மூக்கைத் துடைத்ததிலிருந்து மூளைக்குள் ஓர் இடத்தைச் சுட்டிக்காட்ட முடியும் என்பது இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

ஆனாலும் மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி. சோதனை முதல்முறை இயல்பாகவே வந்தது. மனிதத் தலையிலிருந்து மூளையின் மின்னலைகளை ஹான்ஸ் பெர்கர் முதன்முதலில் பதிவு செய்தது 1924இல். நூறாண்டு கடந்தும் அடிப்படை அதுதான்: தலைத்தோலில் ஒட்டிய மின்முனைகள் மண்டையோட்டைக் கடந்து வரும் அலைகளை மட்டுமே பதிகின்றன, அதுவும் அந்த அரை மணி நேரத்தில் வருபவற்றை மட்டுமே. வலிப்பு நோய் உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு முதல் பதிவு இயல்பாக வரக்கூடும் என்பதால், இயல்பான முடிவு நோய் இல்லை என்பதற்குச் சான்று ஆகாது. இரவெல்லாம் விழித்திருந்துவிட்டுச் செய்துகொண்ட இரண்டாவது பதிவில், நான் கண்ணயர்ந்த சில நிமிடங்களில் வலது பொட்டு மடலில் கூர்மையான அலைகள் தெரிந்தன. எம்.ஆர்.ஐ. விஷயமும் அப்படியே நடந்தது. பொதுவான முறையில் எடுத்த முதல் படம் இயல்பு என்று அறிக்கை வந்தது. வலிப்பு நோய்க்கென்று மெல்லிய குறுக்குவெட்டுகளாக எடுத்த படத்தில், பொட்டு மடலின் உட்பகுதியில் நினைவுக்கு உதவும் ஹிப்போகாம்பஸ் வலப்பக்கத்தில் சுருங்கித் தழும்பேறியிருந்தது. எம்.ஆர்.ஐ.க்கு எழுதித் தரும்போது எந்தச் சந்தேகத்துக்காக, எந்த முறையில் எடுக்க வேண்டும் என்று குறிப்பிடச் சொல்லிக் கேளுங்கள். எனக்கு அது தெரிந்திருக்கவில்லை.

முதலில் லெவெட்டிராசிட்டம் என்ற வலிப்பு மருந்து. வலிப்பு குறைந்தது, ஆனால் சின்னச் சொல்லுக்கும் எரிந்து விழுந்தேன். அது மருந்தின் விளைவு என்று அறியும்வரை வீட்டார் பட்ட பாடு கொஞ்சமன்று. அடுத்து, கடுமையான தோல் எதிர்வினைக்கு வாய்ப்புண்டா என்று மரபணுச் சோதனை செய்துவிட்டு, கார்பமசெபின் கொடுத்தார்கள். அதிலும் மாதம் மூன்று முறை வந்தது. பொருத்தமான இரண்டு மருந்துகள் போதிய அளவில் கொடுத்தும் வலிப்பு நிற்காவிட்டால் அதை மருந்துக்கு அடங்காத வலிப்பு என்று வகைப்படுத்துகிறார்கள். 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், முதல் மருந்திலேயே வலிப்பு நின்றவர்கள் 47 விழுக்காடு, இரண்டாவதில் 13, அதற்குமேல் முயன்றதில் 4. மூன்றாவது மாத்திரையை நம்பி இன்னும் சில ஆண்டுகள் ஓட்டலாம் என்று நினைத்திருந்த என்னை அந்த எண்கள்தான் நிறுத்தின.

ஐந்து நாள் வீடியோ இ.இ.ஜி.க்காக மருத்துவமனையில் தங்கினேன். மருந்தைக் குறைத்து, வலிப்பு வருவதற்காகக் காத்திருப்பது விசித்திரமான அனுபவம். வலிப்பு வந்தவுடன் செவிலியர் ஓடிவந்து ஒரு சொல்லைச் சொல்லி நினைவில் வைக்கச் சொல்வார்; ஒரு பொருளைக் காட்டிப் பெயர் கேட்பார். என் கையையோ காலையோ யாரும் அழுத்திப் பிடிக்கவில்லை, வாயில் எதையும் வைக்கவில்லை. கடிகாரத்தை மட்டும் பார்த்துக்கொண்டார்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் அவசரநிலை என்று தம்பிக்கும் அங்கேதான் சொல்லிக்கொடுத்தார்கள். பதிவான நான்கு வலிப்புகளும் ஒரே இடத்தில் தொடங்கியிருந்தன.

வலிப்பு தொடங்கும் அந்தப் பகுதியை அகற்றும் அறுவைச் சிகிச்சை என்றதும் எனக்குள் எழுந்த அச்சம் ஹென்றி மொலைசனைப் பற்றியது. வலிப்புக்காக 1953இல் இருபக்கப் பொட்டு மடல்களின் உட்பகுதியையும் அகற்றியதால், 2008இல் இறக்கும்வரை புதிய நினைவு எதையும் தேக்கிவைக்க முடியாமல் வாழ்ந்தவர் அவர். அதை மருத்துவரிடம் வெளிப்படையாகவே கேட்டேன். இப்போது ஒரு பக்கம் மட்டுமே அகற்றுவதற்கும், மறுபக்கம் நினைவைத் தாங்குமா என்று முன்கூட்டியே சோதிப்பதற்கும் மொலைசனிடமிருந்து கற்ற பாடமே காரணம் என்றார். சொற்பட்டியல்களையும் சிக்கலான வரைபடங்களையும் நினைவுகூரச் சொல்லி ஒரு முழு நாள் எனக்குச் சோதனை நடந்தது. 2001இல் வெளியான, 80 நோயாளிகளைக் கொண்ட கனடிய ஆய்வில், ஓராண்டு முடிவில் நினைவு தப்பும் வலிப்பு இல்லாதிருந்தவர்கள் அறுவைப் பிரிவில் 58 விழுக்காடு, மருந்துப் பிரிவில் 8 விழுக்காடு என்பதையும் சொன்னார். நூறு விழுக்காடு என்று சொல்லாததாலேயே அவரை நம்பினேன்.

அறுவைக்குப் பின் இடப்பக்க மேல்மூலையில் பார்வையின் ஒரு சிறு பகுதி போயிற்று. பார்வை நரம்பிழைகள் அந்த மடல் வழியாக வளைந்து செல்வதால் இது நேரலாம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். இப்போது படிக்கட்டில் தலையைச் சற்றுத் திருப்பிப் பார்க்கப் பழகிவிட்டேன். மாத்திரை தொடர்கிறது.

தம்பி வைத்திருந்த வலிப்பு நோட்டில் அவனுடைய கடைசிக் குறிப்பு அறுவைக்கு ஒன்பது நாள் முந்தையது. அதற்குப் பிறகு பதினான்கு மாதங்களில் இரண்டே குறிப்புகள். வயிற்றிலிருந்து அந்த உணர்வு ஏறியது, பத்து விநாடியில் அடங்கியது, நினைவு தப்பவில்லை என்று நேரத்துடன் நானே எழுதியவை. அவையும் சிறு வலிப்புகளே என்பதால் மருத்துவர் மருந்தின் அளவை இன்னும் குறைக்கவில்லை.