முறத்தில் போட்ட பிணைப்பு

ஒன்பதாம் வகுப்புக் காலாண்டுத் தேர்வில் சாப்பாட்டு உப்பான சோடியம் குளோரைடுக்கு எலக்ட்ரான் புள்ளிப் படம், அதாவது அணுவின் வெளிக்கூட்டு எலக்ட்ரான்களைப் புள்ளிகளாகக் காட்டும் படம் கேட்டார்கள். நீருக்குப் போடுவதுபோல நடுவில் இரண்டு புள்ளி வைத்துவிட்டு வந்தேன். ஓர் அணு எலக்ட்ரானைக் கொடுக்க, இன்னொன்று வாங்குவது அயனிப் பிணைப்பு என்ற வரையறை தலைகீழாகத் தெரியும், படம் மட்டும் இரண்டும் பங்கிட்டுக்கொள்ளும் சகப்பிணைப்பு! வேதாரண்யத்து உப்பைத் தின்று வளர்ந்தவன் போட்ட படமா இது என்று அக்கா சிரித்தாள்.

அவள்தான் முறத்தை எடுத்து வைத்தாள். சோடியத்துக்கு உளுந்து, குளோரினுக்குப் பச்சைப்பயறு. கூடுவாரியாக எலக்ட்ரான்களை எண்ணினால் சோடியம் 2, 8, 1. குளோரின் 2, 8, 7. வெளிக்கூட்டை மட்டும் வைத்தால் போதும். அந்த ஒற்றை உளுந்தை எடுத்து ஏழு பயறோடு சேர்த்தேன், எட்டாயிற்று. "இப்போ சோடியத்துக்கு என்ன மின்சுமை?" என்றாள். கொடுத்தது குறைந்துதானே போகும், மைனஸ் என்றேன். எண்ணச் சொன்னாள். புரோட்டான் 11, எலக்ட்ரான் 10. அப்போ பிளஸ்! அடைப்புக்குறியும் மின்சுமையும் போடாத படம் அரைப் படம்தான்.

நிஜ எலக்ட்ரானுக்கு உளுந்து, பயறு என்ற பேதமில்லை. படத்தில் ஓர் அணுவுக்குப் புள்ளியும் மற்றதற்குப் பெருக்கல் குறியும் போடுவது நம் வசதிக்கு. முறத்தில் கலந்ததையோ நான்தான் பிரித்துப் பொறுக்க வேண்டியிருந்தது.

அப்புறம் சம்பாவுக்கு வாங்கிய யூரியா. வெளிக்கூட்டு எலக்ட்ரான்கள்: கார்பன் 4, இரண்டு நைட்ரஜன் 10, ஆக்சிஜன் 6, நான்கு ஹைட்ரஜன் 4, ஆக 24. படத்தை முடித்ததும் எண்ணிப் பாருங்கள்: பிணைப்பில் 16, பிணைப்பில் சேராத தனி ஜோடிகளில் 8 வர வேண்டும். பலரும் நைட்ரஜனின் தனி ஜோடியைத்தான் விட்டுவிடுவார்கள். பக்கத்து மூட்டை பொட்டாஷில் உள்ள பொட்டாசியத்தை 2, 8, 9 என்று எழுதாதீர்கள். 2, 8, 8, 1.

இன்னொரு குழி. உப்பு உருக 801 டிகிரி செல்சியஸ் வேண்டும், யூரியா சுமார் 133-லேயே உருகிவிடும். உடனே சகப்பிணைப்பு பலவீனமானது என்று எழுதிவிடுவோம். உருகும்போது தளர்வது மூலக்கூறுகளுக்கு இடையிலுள்ள ஈர்ப்பு. உள்ளே இருக்கும் பிணைப்பு அப்படியேதான் இருக்கிறது. உப்பிலோ தனி மூலக்கூறே கிடையாது, நாலாபுறமும் மாறிமாறி அடுக்கிய பிளஸ், மைனஸ் அயனிகள்தான்.

அரையாண்டில் மெக்னீசியம் குளோரைடு வந்தது. வெளிக்கூட்டில் இரண்டு உளுந்து. ஒரு குளோரினுக்கு ஒன்றுதான் தேவை. மிச்சத்தை எங்கே வைப்பது? வினாத்தாளின் ஓரத்தில் இன்னொரு வட்டம் போட்டேன்.