ஊர்ப் பெயரை நம்பி ரயில் ஏறாதீர்கள்: சிங்கப்பூர் காற்பந்து லீக், புதிதாக வந்தவர்களுக்கு

சிங்கப்பூரின் முதல்நிலைக் காற்பந்து லீக்கை நேரில் பார்க்கக் கிளம்பும் புதியவர்கள் பெரும்பாலும் ஒரே தவறைச் செய்கிறார்கள். அணியின் பெயரையே முகவரியாக எடுத்துக்கொள்கிறார்கள். தஞ்சோங் பகார் யுனைடெட் ஆடுகிறது என்று தஞ்சோங் பகார் எம்ஆர்டி நிலையத்தில் இறங்கினால் கண்ணில் படுவது அலுவலக மாடங்கள்தான். 2020இல் லீக்குக்குத் திரும்பிய அந்த அணி சொந்த ஆட்டங்களை ஆடிவந்தது தீவின் மேற்கே, ஜூரோங் ஈஸ்ட் விளையாட்டரங்கில். அங்கே போவதற்கும் ஜூரோங் ஈஸ்ட் நிலையத்தில் இறங்க வேண்டாம். அதற்கு அடுத்த நிறுத்தமான சைனீஸ் கார்டனில் இறங்கினால் நடந்தே போய்விடலாம்.

கேலாங் இன்டர்நேஷனலும் அப்படித்தான். முன்பு பிடோக்கில் ஆடிய அணி, 2019 முதல் தெம்பனிஸ் ரோவர்ஸுடன் ஒரே அரங்கைப் பகிர்ந்துகொண்டது. பாலஸ்டியர் கால்சா பல ஆண்டுகள் ஆடியது தோ பாயோவில். காரணம் எளிது. சுமார் 735 சதுர கிலோமீட்டர் நாட்டில் நிலம்தான் பெரிய செலவு. விளையாட்டரங்குகள் கழகங்களுக்குச் சொந்தமில்லை, அரசு அமைப்பான ஸ்போர்ட் சிங்கப்பூரின் பொறுப்பில் இருப்பவை. ஓர் அரங்கைப் பழுதுபார்க்க மூடினால் அங்கே ஆடும் அணி மூட்டை கட்டிக்கொண்டு இன்னொரு அரங்குக்குப் போகும். அதனால் ஆட்டத்துக்கு முந்தைய நாள் லீக்கின் அட்டவணையில் அரங்கின் பெயரை மட்டும் பாருங்கள். போன பருவத்தில் எங்கே ஆடினார்கள் என்பது இந்தப் பருவத்துக்கு உதவாது.

பேச்சில் இன்னொரு சின்ன மாற்றம் வேண்டும். தமிழ்நாட்டில் கால்பந்து என்பதை இங்கே காற்பந்து என்பார்கள். தமிழ் முரசு நாளிதழிலும் ‘செய்தி’ இணையத்தளத்திலும் அப்படித்தான் வரும். தேடும்போது இரண்டு எழுத்துக்கூட்டலையும் போட்டுப் பாருங்கள்.

இந்த லீக் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அரங்கில் மூத்தவர்கள் பேசுவது புரியும். 1994 வரை சிங்கப்பூர் ஒரே அணியாக மலேசிய லீக்கில் ஆடியது. அந்த ஆண்டு லீக் பட்டத்தையும் மலேசியக் கோப்பையையும் சேர்த்தே வென்றது. ஷா ஆலமில் நடந்த கோப்பை இறுதியாட்டத்தில் பாகாங்கை 4-0 என வீழ்த்தியது. அதோடு மலேசியப் போட்டிகளை விட்டு விலகியது. நுழைவுச்சீட்டு வருமானத்தைப் பங்கிடுவதில் தகராறு, ஆட்ட நிர்ணய ஊழல்கள் என்று பின்னணி கசப்பானது. 1996 ஏப்ரலில் எட்டுக் கழகங்களோடு எஸ்.லீக் தொடங்கியது. முதல் பட்டம் கேலாங் யுனைடெட்டுக்கு (இன்றைய கேலாங் இன்டர்நேஷனல்). 2018இல் பெயர் சிங்கப்பூர் பிரிமியர் லீக் ஆனது. மலேசியக் கோப்பை நாட்களில் காலாங்கின் தேசிய அரங்கில் ஐம்பதாயிரம் பேர் எழுப்பிய முழக்கத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள் இன்றைய கூட்டத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். அவர்கள் வருத்தம் நியாயமானதுதான். ஆனால் நமக்கு அந்த ஒப்பீடு தேவையில்லை. ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் கூப்பிடுவது காதில் விழும் தூரத்தில் ஒரு நாட்டின் முதல்நிலை லீக்கைப் பார்ப்பது எல்லா ஊரிலும் கிடைக்காத வாய்ப்பு. ஐரோப்பிய ஆட்டத்துக்காக விடியற்காலை 3 மணி வரை விழித்திருக்கும் நம்மவர்கள், இரண்டு நிறுத்தம் தள்ளி நடக்கும் ஆட்டத்துக்குப் போகாமல் இருப்பது உண்மையிலேயே இழப்பு.

அதிலும் இது நம்மவர்கள் தடம் பதித்த விளையாட்டு. 1970களில் எஸ். ராஜகோபாலின் வளைந்து போகும் தனி உதைகளைப் பார்க்கவே கூட்டம் வந்தது. வி. சுந்தரமூர்த்தி சுவிட்சர்லாந்தின் எஃப்சி பாசெல் வரை போய் ஆடியவர். பின்னர் பயிற்றுநராக, மறுபடி மலேசிய லீக்கில் ஆடிய சிங்கப்பூர் அணியான லயன்ஸ் XIIக்கு 2013இல் மலேசிய சூப்பர் லீக் பட்டத்தை வாங்கித் தந்தார், தேசிய அணிக்கும் பயிற்றுநராக இருந்தார். 1998இல் ஹனோயில் நடந்த, தென்கிழக்கு ஆசிய நாடுகளின் டைகர் கோப்பை இறுதியாட்டத்தில் வியட்நாமை வீழ்த்திய ஒரே கோல் ஆர். சசிகுமாருடையது. பந்து அவர் உடலில் பட்டு உள்ளே போனது. அண்மைக் காலத்தில் நடுக்களத்தில் அனுமந்தன் குமார். இந்தப் பெயர்களைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து இருக்கையில் உள்ள மலாய்க்கார அண்ணன் ‘சுந்தரம்’ என்று தொடங்கினால் அன்றிரவு உங்களுக்குப் பேச ஆள் கிடைத்துவிட்டார்.

முதல் ஆட்டத்துக்கு ஜாலான் புசார் அரங்கைத்தான் சொல்வோம். 1929இல் திறந்தது. சுமார் 6,000 இருக்கை, செயற்கைப் புல்தரை, பல அணிகளும் தேசிய அணியும் ஆடிய இடம். ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவின் தேக்காவுக்கு வருபவர்களுக்கு ரயிலே வேண்டாம். வீரமாகாளியம்மன் கோயிலைத் தாண்டிச் சிராங்கூன் சாலையிலேயே நடந்து, முஸ்தஃபா பக்கத்தையும் கடந்தால் கிச்சனர் சாலை வரும். அதில் வலப்புறம் திரும்பி, ஜாலான் புசார் சாலையைக் குறுக்கே கடந்தால் டிர்விட் சாலை. நீச்சல் குளத்தை ஒட்டி அரங்கின் விளக்குக் கம்பங்கள் தெரியும். கோயிலிலிருந்து மெதுவாக நடந்தாலும் 20 நிமிடம் போதும். ரயிலில் வருபவர்களுக்குப் பெண்டிமியர், லவண்டர், ஃபேரர் பார்க் மூன்று நிலையங்களும் நடைதூரம்.

குடும்பத்தோடு, குறிப்பாகச் சின்னப் பிள்ளைகளோடு போவதென்றால் தெம்பனிஸ். ‘அவர் தெம்பனிஸ் ஹப்’ கட்டடத்துக்குள்ளேயே 5,000 இருக்கை அரங்கு. அதே கூரையின் கீழ் நூலகம், நீச்சல் குளம், உணவங்காடி நிலையம் எல்லாம் உண்டு. பிள்ளைக்கு முதல் பாதியிலேயே சலிப்பு வந்தாலும் பொழுது வீணாகாது.

வெயிலைக் கணக்குப் போட்டு இருக்கை எடுங்கள். சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் சூரியன் மறைவது 7 மணியை ஒட்டித்தான். 6 மணி ஆட்டத்தில் மேற்கைப் பார்த்து உட்கார்ந்தால் முதல் பாதி முழுக்கக் கையை நெற்றியில் வைத்தபடிதான் பார்க்க வேண்டும். வாரநாளில் ஆட்டம் பெரும்பாலும் இரவு 7:30க்கு மேல் தொடங்குவதால் அந்தத் தொல்லை இல்லை. நோன்பு மாதத்தில் தொடக்க நேரம் மாறக்கூடும், பழைய பழக்கத்தில் போய்விடாதீர்கள். அரங்குக்குள் புகைபிடிக்கச் சட்டப்படி தடை.

ஆட்டத்தைக் கெடுப்பதில் மழையைவிட மின்னல்தான் பெரிய எதிரி. இங்கே ஆண்டில் 160 நாட்களுக்கு மேல் இடி இடிக்கும், உலகிலேயே மின்னல் அதிகமான இடங்களில் ஒன்று. வெறும் மழை என்றால் ஆட்டம் நடக்கும். மின்னல் எச்சரிக்கை வந்தால் வானம் ஓரளவு தெளிவாகத் தெரிந்தாலும் நடுவர் இரு அணிகளையும் உள்ளே அனுப்பிவிடுவார். புதியவர்கள் அங்கேதான் ஏமாறுகிறார்கள். ஆட்டம் முடிந்துவிட்டது என்று நினைத்து எழுந்து போய்விடுவார்கள். அரை மணி கழித்து எச்சரிக்கை நீங்கி ஆட்டம் தொடரும். அறிவிப்பு வரும்வரை கூரைக்குக் கீழே இருங்கள். அறவே நடத்த முடியாவிட்டால் வேறு நாளுக்குத் தள்ளுவார்கள். குடையை வீட்டில் வைத்துவிட்டு மெல்லிய மழைக்கோட்டு ஒன்றைப் பையில் மடித்து வையுங்கள். குடை விரித்தால் பின்னால் இருப்பவருக்கு ஆடுகளம் மறையும். தூவாஸ், கிராஞ்சி பக்கம் விடுதிகளில் இருப்பவர்கள் ஆட்டம் ஒரு மணி நேரம் தாமதமானால் கடைசிப் பேருந்து எப்போது என்பதை முன்கூட்டியே பார்த்துவிடுவது நல்லது.

அணிகளின் கதையில்தான் ருசி. அதிகப் பட்டங்கள், ஒன்பது, ராணுவ அணியாகத் தொடங்கிப் பின்னர் வாரியர்ஸ் ஆன கழகத்துக்கு. ஆனால் 2020 முதல் அது லீக்கில் இல்லை. போலிஸ் அணியாகத் தொடங்கி ஹோம் யுனைடெட் ஆன கழகத்தை 2020இல் ‘சீ’ (Sea) என்ற இணைய நிறுவனம் எடுத்து லயன் சிட்டி செய்லர்ஸ் என்று மாற்றியது. லீக்கில் தனியார்மயமான முதல் கழகம் அதுதான். சொந்தப் பயிற்சித் திடல் கட்டியது, பிரேசில்காரர் டியேகோ லோப்பஸை 18 லட்சம் யூரோ கொடுத்து வாங்கியது. 2025 மே மாதம் ஆசிய சாம்பியன்ஸ் லீக் 2 இறுதியாட்டத்தைப் பீஷான் அரங்கில் ஆடி ஐக்கிய அரபு சிற்றரசுகளின் ஷார்ஜா அணியிடம் 1-2 எனத் தோற்றது. வெளிநாட்டு அணிகளும் இங்கே ஆடியிருக்கின்றன. ஜப்பானின் அல்பிரெக்ஸ் நீகாட்டா பெயரில் 2004 முதல் ஓர் அணி, பிரெஞ்சு ஆட்டக்காரர்களோடு வந்த முதல் ஆண்டிலேயே 2010 பட்டத்தைத் தட்டிச் சென்ற எட்டுவால், புருணையின் டிபிஎம்எம். பாலஸ்டியர் கால்சாவின் பெயரில் உள்ள ‘கால்சா’ சீக்கிய சமூகத்தின் கழகத்திலிருந்து வந்தது. முரசு, பாட்டு, விடாத கூச்சல் வேண்டுமென்றால் ஹவ்காங் யுனைடெட்டின் ‘ஹூல்ஸ்’ ரசிகர்கள் இருக்கும் பக்கம் போங்கள். அந்த அணி தன் முதல் பெரிய கோப்பையை 2022 சிங்கப்பூர் கோப்பை இறுதியில் தெம்பனிஸை 3-2 என வென்று வாங்கியது.

லீக்கின் குறையையும் சொல்லியாக வேண்டும். எட்டு, ஒன்பது அணிகள்தான், கீழ்ப்பிரிவுக்கு இறக்கம் கிடையாது. அதே இரு அணிகள் ஒரு பருவத்தில் மூன்று, நான்கு முறை மோதும். பட்டத்துக்கு வழியில்லாத அணிகளின் கடைசிச் சுற்று ஆட்டங்களில் வேகம் குறையும். ஆகவே பருவத்தின் முதல் பாதியிலோ, முன்னணி அணிகள் ஒன்றையொன்று சந்திக்கும் நாளிலோ, கோப்பை ஆட்டத்துக்கோ முதலில் போங்கள். முதல் அனுபவம் சோர்வான ஆட்டமாகிவிட்டால் மறுபடி கூட்டிப்போவது கடினம்.

பிள்ளைகளை விளையாட விட விரும்புபவர்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிகளின் கீழ்த்தளத்தில் பந்து உதைக்கத் தடை. சுவரில் பலகையே இருக்கும், அண்டை வீட்டார் புகாரும் வரும். பேட்டைக்குள்ளேயே வேலியிட்ட தெருக் காற்பந்துத் திடல்கள் உண்டு, அங்கே ஆடலாம். முறையான பயிற்சிக்கு 2016 முதல் ஸ்போர்ட் சிங்கப்பூரின் ஆக்டிவ்எஸ்ஜி காற்பந்துப் பயிற்சிக்கழகம் இருக்கிறது. தனியார் பயிற்சிக்கூடங்களில் சேர்ப்பதற்கு முன் இதை விசாரியுங்கள். பள்ளி அணியில் இடம் கிடைத்தால் அதைவிட நல்ல தொடக்கம் இல்லை.

நிரந்தரவாசம் எடுக்கும்போது இந்தக் கணக்கையும் சேர்த்துப் போடுங்கள். பெற்றோரின் வழியாக நிரந்தரவாசம் பெறும் ஆண் பிள்ளைகளுக்கும் 18 வயதில் இரண்டாண்டு தேசிய சேவை (ராணுவம், போலிஸ் போன்றவற்றில் பணி) கட்டாயம். ஓர் ஆட்டக்காரன் உருவாகும் வயதும் அதுதான். விளையாட்டுக்காகச் சேவையைத் தள்ளிவைக்க அனுமதி மிக அரிது. 2018இல் இங்கிலாந்துக் கழகம் ஒன்றில் ஒப்பந்தமான 17 வயது இளைஞருக்கும் மறுத்துவிட்டார்கள். 2003இல் லீக்கில் சேர்ந்த யங் லயன்ஸ் என்ற இளையர் அணியில் சேவையில் இருக்கும் பையன்கள் ஆடுவதைப் பார்க்கலாம். அந்த அணி பட்டியலின் அடியில் கிடக்கும் ஆண்டுகள் அதிகம். காலையில் பணி, மாலையில் பயிற்சி என்று இருக்கும் பிள்ளைகள் அவர்கள். தோற்கும்போது கேலி செய்யாதீர்கள்.

பணம் பற்றி மூன்று எச்சரிக்கை. காற்பந்துப் பந்தயத்துக்குச் சிங்கப்பூர் பூல்ஸுக்கு மட்டுமே அனுமதி. வாட்ஸ்அப்பில் வரும் ‘ஏஜெண்ட்’, வெளிநாட்டு இணையத்தளம் எதில் பந்தயம் கட்டினாலும் 10,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆட்டத்தை விற்பதை இங்கே ‘கேலோங்’ என்பார்கள். அதில் சிக்கினால் ஒரு லட்சம் வெள்ளி வரை அபராதமும் ஐந்தாண்டு வரை சிறையும் உண்டு. விடுதி நண்பர்களோடு ஞாயிற்றுக்கிழமை ஆடுவதில் தவறே இல்லை. ஆனால் வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர் சீட்டில் குறித்த முதலாளியிடம், குறித்த வேலையை மட்டுமே பார்க்க முடியும். நன்றாக ஆடுகிறீர்கள், ஆட்டத்துக்கு இவ்வளவு தருகிறோம் என்று யாராவது கூப்பிட்டால் மறுத்துவிடுங்கள். அந்த ஐம்பது வெள்ளிக்கு வேலையே போகலாம்.

ஆட்டம் முடிந்ததும் உடனே வாசலுக்கு ஓடாதீர்கள். ஆட்டக்காரர்கள் ரசிகர்கள் பக்கம் நடந்து வந்து கைதட்டி நன்றி சொல்வார்கள். பிள்ளை கையில் ஒரு தடித்த மை பேனாவும் அணிச் சட்டையும் கொடுத்து வேலியோரமாக நிறுத்துங்கள். நீலமும் கறுப்பும் நல்லது.