பின்னி சாலையில் ஓர் இரவு

புளியந்தோப்பு, பட்டாளம், ஓட்டேரி வட்டாரத்தில் வளர்ந்தவர்களுக்குப் பின்னி என்றால் மில்தான். என் தாத்தா பின்னி நிறுவனம் நடத்திய பக்கிங்ஹாம் கர்னாட்டிக் துணி மில்லின் தறிப் பிரிவில் வேலை செய்தவர். அப்பா மில் சங்கின் ஓசையை வைத்து நேரம் அறிந்து பள்ளிக்கூடம் போனவர். அண்ணா சாலையை ஒட்டி அதே பெயரில் ஒரு சாலை இருப்பதும், சென்னையின் மிகப் பழைய ஆடம்பர விடுதியான தாஜ் கன்னிமாரா அங்கேதான் இருக்கிறது என்பதும் எங்கள் வீட்டில் தெரிந்த செய்திதான் என்றாலும், அங்கே போய்த் தங்கும் எண்ணம் யாருக்கும் வந்ததில்லை. அப்பாவுக்கு எழுபது வயது நிறைந்தபோது நான் அறை பதிவு செய்தேன். ஓர் இரவுக்கான தொகை எங்கள் தெருவில் ஒரு போர்ஷனின் மாத வாடகையைவிட அதிகம். அதை அப்பாவிடம் மறைக்காமல் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தவர், "சரி, போயிட்டு வரலாம்" என்றார்.

பெரம்பூரில் மின்சார ரயில், சென்ட்ரலில் மெட்ரோ, எல்ஐசி நிலையத்திலிருந்து சிறிது நடை. பயணம் அவ்வளவுதான்.

விடுதி நிற்கும் இடத்தில்தான் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், பின்னி நிறுவனத்துக்குப் பெயர் தந்த ஜான் பின்னியின் வீடும் தோட்டமும் இருந்தன. 1854-இல் இம்பீரியல் என்ற பெயரில் தொடங்கிய விடுதி, பின்னர் ஆல்பனி ஆகி, 1890-இல் அன்றைய சென்னை மாகாண ஆளுநர் கன்னிமாரா பிரபுவின் பெயரைப் பெற்றது. அடுத்த ஆண்டு ஸ்பென்சர் நிறுவனத்தின் யூஜின் ஓக்‌ஷாட் அதை வாங்கினார். இன்று நாம் பார்க்கும் ஆர்ட் டெக்கோ என்னும் கட்டடப் பாணி முகப்பு 1930-களில் எழுந்தது. 1970-களில் இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் கைவண்ணமும் சேர்ந்தது. இத்தனை கைகள் மாறியும் கட்டடம் ஒட்டுப்போட்டதாகத் தெரியாமல் ஒரே மூச்சில் எழுப்பியதுபோல் நிற்பது எனக்குப் பெரும் வியப்பு. புதிய விடுதிகளின் கண்ணைக் கூசவைக்கும் பளபளப்பைவிட, உயர்ந்த கூரையும் அகன்ற நடைபாதையும் தரும் இந்த அமைதியே உண்மையான ஆடம்பரம் என்பேன்.

அறைக்குள் நுழைந்ததும் அப்பா சன்னலையோ தொலைக்காட்சியையோ பார்க்கவில்லை. படுக்கை விரிப்பின் ஓரத்தைத் தூக்கி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து மெல்லத் தேய்த்தார். பிறகு விளக்கடியில் பிடித்து, பாவும் ஊடையும் எவ்வளவு நெருக்கமாக விழுந்திருக்கின்றன என்று பார்த்தார். "நல்ல நூலு. எங்க நைனா இருந்தா நம்பரே சொல்லியிருப்பாரு" என்றார். பின்னி காக்கி ராணுவத்துக்குப் போன கதையையும், இரவுப் பணி முடிந்து வரும் தாத்தாவின் தலைமுடியில் பஞ்சுத் தூசி ஒட்டியிருக்கும் என்பதையும் அதன் பிறகுதான் சொன்னார். அவர் இதுவரை என்னிடம் சொல்லாதவை அவை.

இரவு உணவு ரெயின்ட்ரீயில். தூங்குமூஞ்சி மரத்தின் பெயரைத் தாங்கிய அந்த உணவகத்தில் செட்டிநாட்டுச் சமையல். மிளகும் சோம்பும் கல்பாசியும் தூக்கலாக இருந்தாலும் வயிற்றைக் கெடுக்காத பக்குவம். அம்மாவே குறை சொல்லவில்லை.

மறுநாள் காலை உணவுக்கு உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்க வெகுநேரம் ஆனது. இட்லி, ஆப்பம், பழங்கள், ரொட்டி வகைகள் என்று வந்துகொண்டே இருக்க, பரிமாறிய இளைஞர், "ஐயா, மெதுவா சாப்பிடுங்க, ஒண்ணும் அவசரமில்ல" என்றார். அந்தச் சொல் என்னை உலுக்கியது. 1918 ஏப்ரல் 27 அன்று பி. பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானபோது, எங்கள் பகுதி மில் தொழிலாளர்கள் முன்வைத்த முதன்மையான குறைகளில் ஒன்று, நண்பகல் உணவுக்கான இடைவேளை போதவில்லை என்பது. வாயில் அள்ளிப் போட்டுக்கொண்டு தறிக்கு ஓடவேண்டிய நிலை. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் எனப்படும் அது, நிதானமாகச் சாப்பிடும் உரிமையையும் கேட்டுத்தான் பிறந்தது. திரு. வி. க. போன்றவர்கள் அதற்காகப் பேசிய பெரம்பூர்ப் பக்கத்திலிருந்துதான் நாங்கள் வந்திருந்தோம்.

இதை அந்த இளைஞரிடம் சொன்னேன். அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார். தானும் வியாசர்பாடிதான் என்றார். அப்பா உடனே எந்தத் தெரு என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார்.

வட சென்னைக்காரர்கள் வாய்ப்பிருந்தால் ஒரு முறையேனும் இங்கே போய்த் தங்குங்கள். தங்க முடியாவிட்டால் ரெயின்ட்ரீயில் ஒரு வேளை சாப்பிடுங்கள். மில்லில் உழைத்த பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் அவர்களைக் கட்டாயம் அழைத்துப் போங்கள்.