அரை மாத்திரைக் கணக்கு

டிசம்பர் 5, 2024. பாம்பன்.

முதுகெலும்பு வட்டு விலகி அறுவைச் சிகிச்சை செய்து ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. இடது கால் வலி போகவில்லை. அதற்காகத் தொடங்கிய டிரமடால் என்ற அபின் வகை வலிமாத்திரை மட்டும் நாளொன்றுக்கு 200 மில்லிகிராம் என்று நிலைத்துவிட்டது. சென்ற வாரம் மருந்துக் கடையில் பழைய சீட்டுக்குத் தர மறுத்துவிட்டார்கள். 2018 முதல் இம்மருந்து போதைப்பொருள் சட்டத்தின் கீழ் இருப்பதால் அவர்கள் செய்தது சரிதான் என்றாலும், அன்று நான் பேசிய பேச்சை இங்கே எழுதக் கூசுகிறது. இத்தோடு விட்டுவிடுவோம் என்ற வீறாப்போடு வீடு திரும்பினேன். மறுநாள் காலை தாடை வலிக்கும்வரை கொட்டாவி. பிறகு மூக்கொழுகல், மயிர்க்கூச்சு, வயிற்றுப்போக்கு. இரவெல்லாம் கால்களை ஓரிடத்தில் வைக்க முடியாமல் திண்ணைக்கும் கட்டிலுக்குமாக நடந்தேன்.

இன்று மருத்துவர் கடிந்துகொண்டார். நெடுநாள் சாப்பிட்டதைச் சட்டென்று நிறுத்தக் கூடாதாம். உடம்பு பழகிப்போவது வேறு, அடிமையாவது வேறு என்றும் விளக்கினார். சிலருக்கு இவ்வகை மருந்தே நாளடைவில் வலியுணர்வைக் கூர்மையாக்கிவிடும் என்று அவர் சொன்னதுதான் என்னை உலுக்கியது. மாதத்துக்கு 25 மில்லிகிராம் குறைப்பதாக முடிவு.

ஜனவரி 9, 2025.

நடுவில் கோடு போட்ட 50 மில்லிகிராம் மாத்திரையைப் பாக்குவெட்டியால் இரண்டாக்குவது என் மனைவியின் வேலை. கடற்பாசி எடுக்கப் போய்ப் பாறையில் கீறிய விரல்களில் துணி சுற்றியபடியே வெட்டுகிறாள். இன்று ஒரு பாதி பொடிந்துவிட்டது. அந்தப் பொடியை நான் விரலால் ஒற்றி நாக்கில் வைத்ததை அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

மார்ச் 11.

125 மில்லிகிராம். ஒரு கண்டுபிடிப்பு. இடுப்பில் தொடங்கி இடது கணுக்கால்வரை சூடான கம்பியாய் இழுக்கும் வலி என்னுடையது. கடலில் கிடந்த காலத்தில் வந்தது, வாடைக் காற்றடித்தால் கூடுவது. ஆனால் அளவைக் குறைத்த முதல் பத்து நாட்களில் இரண்டு கால் எலும்புகளுக்குள்ளும் ஒரு நமநமப்பு வருகிறது. வலது காலில் எனக்கு என்றுமே அடிபட்டதில்லை. அப்படியானால் அது மாத்திரை கேட்கிற வலி. இந்த ஐந்து ஆண்டுகளில் இரண்டையும் ஒன்றாகக் கருதி எத்தனை மாத்திரை விழுங்கியிருப்பேன்!

ஏப்ரல் 18.

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி மூன்று நாட்கள். விசைப்படகுகள் கரையில் கிடப்பதால் ஏலக்கூடத்தில் எழுதக் கணக்கில்லை. வேலையில்லாத பகலில் வலிக்கு வாய் முளைத்துவிடுகிறது. படகு முதலாளியான பழைய சம்மாட்டி ஒருவர் நலம் விசாரிக்க வந்து, தம் வீட்டில் மிச்சமிருந்த இதே மாத்திரைகளை நீட்டி, “ரெண்டு போட்டுட்டுப் படுங்க மாப்ளே, ஒண்ணும் ஆகாது” என்றார். அன்பில்தான் சொன்னார். குறைத்தபின் உடம்பு பழைய அளவைத் தாங்காது, மூச்சே அடங்கிப்போகலாம் என்று மருத்துவர் எச்சரித்தது நினைவிருந்தும், அந்த அட்டையைத் திருப்பிக் கொடுக்க எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

மே 8.

இம்மாதம் குறைக்க வேண்டாம், 100 மில்லிகிராமிலேயே நிற்கட்டும் என்று நானே கேட்டேன். தோல்வியைச் சொல்வது போலிருந்தது. மருத்துவர் சாதாரணமாகத் தலையாட்டி, நிற்கலாம், மேலே ஏறாமல் இருந்தால் போதும் என்றார். காலையில் வெயிலேறுமுன் தென்கடல் ஓரமாக நடக்கிறேன். ஈரமணலில் இடது காலின் தடம் மட்டும் இழுபட்டுக் கிடக்கிறது. ஐந்தாண்டு மலச்சிக்கல் தளர்ந்திருப்பதையும் நாட்குறிப்பில் எழுதத்தான் வேண்டும். அந்த நிம்மதியை அனுபவித்தவர்களே அறிவார்கள்.

ஜூன் 16.

75 மில்லிகிராம், இரண்டாவது வாரம். படகுகள் கடலுக்குப் போய்த் திரும்பிவிட்டன. ஏலக்கூடத்தில் பதினோராவது கூடைவரை நின்றே எழுதினேன். பிறகு இடது கால் இழுத்தது; ஐஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்து மீதிக் கணக்கை முடித்தேன். வலது கால் சும்மா இருந்தது.