எடுக்கச் சொல்லும் பெயர்கள்

திருகோணமலையில் ஓர் அச்சகத்தில் தட்டச்சும் வடிவமைப்பும் என் வேலை. கோயில் விஞ்ஞாபனம் (திருவிழா அழைப்பு நோட்டீஸ்), கலியாணக் கார்ட், மரண அறிவித்தல், முப்பத்தோராம் நாள் கல்வெட்டு (இறந்தவர் நினைவாக அடிக்கும் சிறு புத்தகம்), தேவாலயத் திருநாள் நோட்டீஸ், தேர்தல் வந்தால் போஸ்டர். எழுத்துப்பிழை பார்ப்பதுதான் இதில் கஷ்டம் என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். சண்டை வருவதெல்லாம் பெயர்களில்தான். யார் பெயர் முதலில், யாருக்கு ஜே.பி. (சமாதான நீதவான்) பட்டம் விடுபட்டது என்று அடித்து முடித்த தாள்களைக் கட்டோடு திருப்பிக் கொண்டுவந்தவர்கள் உண்டு. சேர்க்கச் சொல்லி வருபவர்கள் சத்தம் போடுவார்கள். எடுக்கச் சொல்லி வருபவர்கள் மெதுவாகத்தான் பேசுவார்கள்.

நகரத்துக்குக் கொஞ்சம் வெளியே உள்ள ஓர் அம்மன் கோயிலின் திருவிழா விஞ்ஞாபனம் வருடாவருடம் எங்களிடம்தான் வரும். (ஆட்களை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.) பழைய கோப்பைத் திறந்து, திகதியையும் நட்சத்திரத்தையும் மாற்றினால் பெரும்பாலும் வேலை முடிந்தது. ஒரு வருடம் ஐந்தாம் திருவிழாவுக்கு நேரே பேனாவால் கோடு கிழித்து, 'பொது உபயம்' என்று எழுதியிருந்தது. தாத்தா காலத்திலிருந்து ஒரே குடும்பம் செய்துவந்த உபயம் அது. விடுபட்டுப் போச்சோ என்று கேட்டேன். "இல்லைத் தங்கச்சி, அவங்கள் இந்த முறை செய்யேல்ல" என்றார் கொண்டுவந்தவர்.

சில நாட்களில் அந்தக் குடும்பத்துப் பெரியவரே வந்தார். பழைய வருடங்களின் விஞ்ஞாபனம் ஒவ்வொரு கொப்பி எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார், கோயில் நிர்வாக சபைக்குக் காட்டவாம். பிரின்ட் எடுக்கும் நேரத்தில் கதையைச் சொன்னார். மகன் கொழும்பில் வேலை. இன்னொரு ஆணோடு சேர்ந்து வாழ்கிறான். யாரோ பேஸ்புக்கில் படத்தைப் பார்த்து ஊர் வட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். சபை அவரை விலக்கவில்லை. "கொஞ்சக் காலம் ஒதுங்கி இருங்கோ, கதை அடங்கட்டும்" என்றதாம். மகன் கோயில் பக்கம் வந்தே வருடக்கணக்கு. தண்டனை தகப்பனுக்கு. மகளுக்குப் பேசிவந்த கலியாணமும் அதோடு நின்றுவிட்டது.

அவர் சொன்னதில் ஒன்று எனக்கு உறுத்தியது. "சட்டத்திலயும் குற்றம்தானே எண்டு செயலாளர் சொல்றார், பிள்ளை." செயலாளர் சொன்னது பொய்யில்லை, ஆனால் அரைகுறை. இது எனக்குத் தெரியவந்ததும் தொழிலால்தான். யுத்தம் முடிந்தபின் தொண்டு நிறுவனங்களின் சட்டக் கையேடுகள் நிறைய வந்தன, புரூஃப் பார்த்துப் பார்த்தே பாதி சட்டம் படித்தாயிற்று. இதைக் குற்றமாக்கும், இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 365 ஆம் பிரிவு 1883 இல் வெள்ளைக்காரன் ஆட்சியில் எழுதப்பட்டது. எங்கள் ஆகமத்திலிருந்து யாரும் எடுத்துக் கொடுத்ததல்ல. 365அ பிரிவு முதலில் ஆண்களை மட்டும் சொன்னது. 1995 திருத்தம் அதை நீக்குவதற்குப் பதிலாகப் பெண்களுக்கும் விரித்தது. இவற்றை மாற்ற அப்போதைய நாடாளுமன்ற உறுப்பினர் பிரேம்நாத் டொலவத்த கொண்டுவந்த தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று உயர் நீதிமன்றம் 2023 மே மாதம் சொல்லியும், அது நிறைவேறாமலே 2024 இல் நாடாளுமன்றம் கலைந்தது. ஆக, சட்டம் இன்னும் அப்படியே. சரி, அந்தச் சட்டத்தையே பிடித்துக்கொள்வோம். அதில் தகப்பனுக்கு என்ன தண்டனை? ஒன்றுமில்லை. சபைதான் சட்டம் தொடாத ஆளைத் தொட்டது.

ஏன் என்று யோசித்திருக்கிறேன். எங்கள் பக்கம் சமயம் தனி ஆள் விஷயமில்லை. உபயம் குடும்பத்தின் பெயரில். கோயில் வரியும் வீட்டுக் கணக்கில்தான். கிண்ணியாவிலிருந்து வரும் எங்கள் மெஷின்காரர் சொல்வதைப் பார்த்தால் அங்கும் அப்படித்தான்: நிக்காஹ்வுக்குப் பள்ளிவாசல் கடிதம் வேண்டும், தம்பியைப் பற்றிய கதை அக்காவின் கடிதத்தை இழுத்தடிக்கும். ஆளுக்கு அல்ல, வீட்டுக்குத்தான் இடம். அதனால் வெட்டும் வீட்டுக்கே விழுகிறது.

தேவாலயக்காரர்களின் வழி வேறு. 2023 டிசம்பரில் வத்திக்கான், ஒருபால் இணையர்களுக்குக் குருமார் ஆசி வழங்கலாம், ஆனால் அது திருமணச் சடங்குபோல் இருக்கக் கூடாது என்று அறிவித்தது. அதை இங்கே யாரும் நோட்டீஸ் அடிக்கத் தரவில்லை. சிறிய சபைகளிலிருந்து 'விடுதலை ஜெபக் கூட்டம்' போஸ்டர்தான் வரும். மகனை அதற்குக் கூட்டிப்போகும் ஒரு தாய், போஸ்டரை வாங்க வந்த இடத்தில், "இது வருத்தம்தானே, சுகமாகிடும்தானே" என்று என்னிடம் கேட்டார். உலக சுகாதார நிறுவனம் 1990 இலேயே இதை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது என்றேன். "அப்ப ஏன் பாஸ்டர் நோய் எண்டு சொல்றார்?" என்றார். அதற்கு நான் என்ன சொல்ல.

அரிக்கும் அரனுக்கும் பிறந்த ஐயப்பனைக் காட்டி வாதாடுபவர்களும் இருக்கிறார்கள். எங்கள் கடைப் பையன் ஒருவன் அப்படித்தான். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. சபைக் கூட்டத்தில் யாரும் புராணத்தைப் புரட்டுவதில்லை. அடுத்த வருடம் கொடித்தம்பத்துக்கு யார் காசு தருவார், யார் முகம் சுளிப்பார் என்பதுதான் அங்கே கணக்கு.

இன்னொரு விஷயம் உவர்மலைப் பக்கம் நடந்தது. ஓர் அம்மா இறந்துவிட்டார். மரண அறிவித்தலை மூத்த மகன் எழுதிக் கொடுத்தார். 'பாசமிகு தாயாரும்' என்ற இடத்தில் மூன்று பெயர்கள். நான் அடித்துக்கொண்டிருக்கும்போதே மகள் ஆட்டோவில் வந்து இறங்கினார். "நாங்கள் நாலு பேர், அக்கா" என்றார். நாலாமவர் கனடாவில். அங்கே சட்டப்படி ஓர் ஆணைக் கலியாணம் செய்தவர். அன்றைக்குப் பிளேனில் வந்துகொண்டிருந்தார். தாய்க்குக் கொள்ளி வைப்பது கடைசி மகன் என்பது எங்கள் வழக்கம், அந்தக் கடைசி மகன் இவர்தான். பெயரைப் போட்டால் கொள்ளியும் அவருக்குப் போகும் என்பதுதான் மூத்தவரின் பயம். மாமன்மார் 'சமயம் ஒத்துக்கொள்ளாது' என்று நின்றார்களாம். மகள் நேரே ஐயரிடம் போய்க் கேட்டிருக்கிறார். ஐயர் கேட்டது, பிளேன் எத்தனை மணிக்கு இறங்கும் என்பது மட்டும்.

நாலு பெயரையும் போட்டு அடித்தோம். அடுத்த வரி மருமக்கள். மகள் கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். "அது வேண்டாம் அக்கா, முதல்ல இது போகட்டும்" என்றார். கொள்ளி வைத்தது இளையவர்தான் என்று பிறகு கேள்விப்பட்டேன். முப்பத்தோராம் நாள் கல்வெட்டு வேலையை மூத்தவர் கொண்டுவந்தார். தேவாரம், வாழ்க்கை வரலாறு, நன்றி நவிலல் எல்லாம் இருந்தது. வழக்கமாகப் போடும் வம்சாவளிப் பக்கம் மட்டும் இல்லை. யார் பெயரை எங்கே போடுவது என்று இழுபடுவதை விட மரத்தையே விட்டுவிட்டார்கள் போலும்.

இதற்கெல்லாம் பிறகு எங்கள் முதலாளி ஐயா ஒரு நடைமுறை கொண்டுவந்தார். ஐயா புரட்சிக்காரர் ஒன்றும் இல்லை, திருப்பி அடித்த செலவு அவர் கையைக் கடித்ததுதான் காரணம். முந்தைய வருடம் இருந்த பெயரை எடுக்கச் சொன்னால், சொல்பவர் புரூஃப் தாளில் தன் பெயரையும் பதவியையும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கொப்பி எங்களிடம் இருக்கும். சம்பந்தப்பட்டவர் கேட்டால் காட்டுவோம். பேனாவைக் கையில் கொடுத்ததும் பலர் "சரி, இருக்கட்டும், போடுங்கோ" என்கிறார்கள். அந்த அம்மன் கோயில் சபை மட்டும் கையெழுத்தும் போடவில்லை, பெயரைப் போடவும் விடவில்லை. விஞ்ஞாபனத்தை வேறு அச்சகத்துக்குக் கொண்டுபோய்விட்டது.