யாருடைய கேள்விக்கு யாருடைய வயல்?

வேளாண் சூழலியல் என்ற பெயரோடு இலங்கையின் வடக்கிலுள்ள வன்னிக்கு வரும் திட்டங்கள் பெரும்பாலும் மூன்று விடயங்களில் தொடங்குகின்றன: மண்வளத்தைப் பேணுதல், வெளியிலிருந்து வாங்கும் உள்ளீடுகளைக் குறைத்தல், உயிர்ப்பல்வகைமையைக் காத்தல். உலக உணவுப் பாதுகாப்புக் குழுவின் உயர்மட்ட நிபுணர் குழு 2019 இல் வெளியிட்ட அறிக்கை வகுத்த 13 கோட்பாடுகளில் இம்மூன்றும் இடம்பெற்றுள்ளன. அதே 13 இல் அறிவைக் கூடி உருவாக்குதல், பங்கேற்பு, நியாயம், நிலமும் இயற்கை வளங்களும் ஆளப்படும் முறை ஆகியனவும் இருக்கின்றன. கூட்டங்களில் திரையில் காட்டும்போது இவை கடைசிப் பக்கத்துக்குத் தள்ளப்பட்டு, தேநீர் நேரம் நெருங்கிவிட்டது என்பதால் விரைவாகக் கடந்துபோய்விடுகின்றன. கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு குளத்தின் கீழ் நெல் விதைப்பவன் என்ற வகையிலும், எங்கள் கமக்காரர் அமைப்பின் வேலைகளில் பங்கெடுப்பவன் என்ற வகையிலும், அந்தக் கடைசிப் பக்கத்தில் உள்ளவை சரிவர அமையாவிட்டால் முதற்பக்கத்தில் உள்ளவை எங்கள் வயலில் வேர்பிடிக்கப்போவதில்லை என்றே நான் கருதுகிறேன்.

2021 இல் நடந்ததை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும். அந்த ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளைகளினதும் விவசாய இரசாயனங்களினதும் இறக்குமதி வர்த்தமானி அறிவித்தல் மூலம் தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடை தளர்த்தப்பட்டபோது மாரிமழையோடு விதைக்கும் காலபோகப் பயிர் ஏற்கனவே வயலில் நின்றது. அந்தப் போகத்தில் நாடு முழுவதும் நெல் விளைச்சல் சரிந்தது. இந்தச் சரிவை முன்கூட்டியே காண்பதற்குப் பெரிய ஆராய்ச்சி எதுவும் தேவைப்பட்டிருக்காது. 50 கிலோ யூரியா மூடை ஒன்றில் 23 கிலோ நைதரசன் இருக்கிறது. நூற்றுக்கு ஒன்று முதல் ஒன்றரை வீதம் நைதரசன் உள்ள கூட்டெருவிலிருந்து அதே 23 கிலோவைப் பெறுவதற்கு ஏறக்குறைய ஒன்றரை தொன் முதல் 2.3 தொன் வரை எரு வேண்டும். அவ்வளவு எருவையும் யார் செய்வது, எதில் ஏற்றி எந்த வரம்பு வழியாக இறக்குவது என்பது ஒருபுறமிருக்க, எருவிலுள்ள நைதரசன் மெதுவாகவே வெளிவரும் என்பதும், மூன்று, மூன்றரை மாத வயதுடைய புதிய நெல்லினங்கள் மட்டம் வெடித்துக் கிளைவிடும் காலத்திலும் குடலை கட்டும் காலத்திலும் அதற்காகக் காத்திருக்கமாட்டா என்பதும் எந்தக் கமக்காரருக்கும் தெரிந்தவை. ஒரு போகத்து இழப்பு அடுத்த போகத்தில் ஈடாகலாம். ஆனால் சேதனப் பசளையை, அதாவது இயற்கை எருவை, பற்றிப் பேச வருபவரை ஊர் இன்னமும் ஐயத்தோடுதான் பார்க்கிறது. மண்ணுக்கு நல்லது செய்ய விரும்பும் எவரும் இன்று இந்த ஐயத்தைத் தாண்டித்தான் வரவேண்டியிருக்கிறது.

இதற்கு மறுபக்கத்தில் நின்று, "பழைய முறைக்குத் திரும்பினாலே போதுமே" என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். வன்னியில் அது சொல்லும் அளவுக்கு எளிதானதல்ல. 2008, 2009 போர்க்கால இடப்பெயர்வின்போது பட்டி மாடுகளைக் கைவிட்டுச் சென்ற குடும்பங்கள் எண்ணிலடங்கா. கோர்க்காலியில் வைத்திருந்த விதைநெல்லைச் சுமந்து செல்ல எவராலும் முடியவில்லை. வேலியோரத்துக் குழைமரங்களும் அழிந்தன. மீள்குடியேற்றத்தின் பின் நிவாரணமாக வந்த விதைநெல்லோடும் பசளையோடும்தான் பலர் மீண்டும் தொடங்கினார்கள். அந்நாளில் சிறுவர்களாக இருந்தவர்கள் இன்று கமம் செய்கிறார்கள். எருவுக்காக வயலில் மாடுகளைப் பட்டியடைப்பதும் பச்சைக் குழையை மண்ணில் தாழ்ப்பதும் அவர்களுக்குக் கேள்விச் செவியாக வந்தவை, கைப்பழக்கமாக வந்தவை அல்ல. எனவே இங்கே பழைய அறிவு ஒரு பெட்டகத்தில் பத்திரமாக இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு தொடங்க முடியாது. அங்கங்கே மிஞ்சியிருப்பதைத் தேடியெடுத்து, இன்றைய மழைக்கும் இன்றைய கூலிக்கும் இன்றைய சந்தைக்கும் அது பொருந்துகிறதா என்று சோதித்துப் பார்க்கவேண்டும். பூநகரியில் மொட்டைக்கறுப்பன் இன்னும் நிலைத்திருக்கிறது. ஆனால் அங்கே மானாவாரியில் நிலைத்திருப்பது எங்கள் குளத்தடி வயலிலும் அப்படியே நிற்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. உயரமாக வளரும் பாரம்பரிய இனங்கள் வளமான தாக்கில் (வயல் துண்டில்) சாய்ந்துவிடும். சாய்ந்த நெல்லை அறுவடை இயந்திரத்தால் ஒழுங்காக வெட்ட முடியாது. விளைந்த சிவப்பரிசி நெல்லைத் தனியாக வாங்கிக் குற்றித் தரும் ஆலையும் அருகில் இருக்கவேண்டும். பாரம்பரியத்தின் மீது எனக்கும் பற்றுண்டு. ஆயினும் சோதனைக்கு உட்படாத பற்றினால் ஏழைக் கமக்காரரின் கடன்தான் கூடும்.

ஆய்வை யார் நடத்துகிறார்கள் என்பதற்கு முன்னால், கேள்வியை யார் கேட்கிறார்கள் என்பதைப் பார்க்கவேண்டும். வெளியிலிருந்து வருபவர்கள் எங்களிடம் பெரும்பாலும் பசளையைப் பற்றியே கேட்கிறார்கள். எங்கள் அமைப்பின் கூட்டத்தில் எல்லோரையும் அவரவர் தொல்லையைச் சொல்லவிட்டால் முதலில் எழுவது பன்றிநெல் என்ற களை. இது நெல்லின் இனத்தையே சேர்ந்தது என்பதால், நாங்கள் விதைக்கும் வழமையான நெல்லை விட்டுவிட்டு அதை மட்டும் கொல்லும் களைநாசினி இல்லை. அறுவடைக்கு முன்னரே மணி உதிர்ந்து நிலத்தில் தங்கிவிடுகிறது. மிஞ்சியது விதைநெல்லோடு கலந்து போகிறது. ஊர் ஊராகச் செல்லும் அறுவடை இயந்திரங்களின் வயிற்றிலிருந்தும் ஒரு வயலின் பன்றிநெல் மறுவயலுக்கு வந்து சேருகிறது. நாற்று நடுகை குறைந்து நேரடி விதைப்பு பெருகியதும் இதற்கு வாய்ப்பாகிவிட்டது.

இதற்கான விடைகள் எல்லாமே வேளாண் சூழலியலுக்கு உரியவைதாம். முதல் மழைக்கு முளைக்கவிட்டு உழுது அழித்துப் பின்னர் விதைக்கலாம், வரிசையில் விதைத்து இடையில் களையெடுக்கலாம், ஒரு தாக்கை விதைநெல்லுக்கென ஒதுக்கிக் கலப்புக் கதிர்களைப் பிடுங்கிச் சுத்தமாக வைத்திருக்கலாம். ஆனால் முளைக்கவிட்டு உழுவதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் வேண்டும். விதைப்புத் திகதியோ காலபோகக் கூட்டத்தில் குளத்து நீரை வைத்துத் தீர்மானிக்கப்படுகிறது. அந்த இரண்டு வாரத்துக்குக் கூட்டம் இணங்குமா என்பது களை பற்றிய கேள்வியாக இருந்து நீர் ஆளுகை பற்றிய கேள்வியாக மாறிவிடுகிறது. பசுந்தாட் பசளையும் இப்படித்தான்: அறுவடைக்குப் பின் நிலத்தில் எஞ்சும் ஈரத்தில் சணலோ பயறோ விதைக்கலாம் என்று ஏட்டில் எழுதுவது எளிது, ஆனால் பங்குனி முதல் புரட்டாதி வரை வயல்வெளியில் திரியும் கட்டாக்காலி மாடுகளுக்கு யார் பொறுப்பு என்று ஊர் கூடி முடிவெடுக்காமல் ஒரு செடியும் மிஞ்சாது.

செய்முறையைப் பொறுத்தவரை எனக்குப் பிடித்தது, மலாவியில் 1990களில் பயன்படுத்தத் தொடங்கிய தாய்ச் சோதனை, பிள்ளைச் சோதனை என்ற அமைப்பு. எல்லா முறைகளும் ஒருங்கே இருக்கும் ஒரு பெரிய தாய்த்திடல் ஆராய்ச்சியாளரின் பொறுப்பில் இருக்கும். அதிலிருந்து தமக்குப் பிடித்த ஒன்றிரண்டை மட்டும் ஒவ்வொரு கமக்காரரும் தமது வயலின் ஒரு பகுதியில், வழமையாகச் செய்வதற்குப் பக்கத்திலேயே, செய்து ஒப்பிடுவர். தனியொரு வயலின் முடிவு தற்செயலாக இருக்கலாம். பல வயல்களில் ஒரே திசையில் வேறுபாடு தெரிந்தால் அதை நம்பலாம். இதில் வயல்களுக்கு இடையிலான வேறுபாடும் தகவலாகிறது. ஒருமுறை ஆய்வுக்கு வந்த மாணவர் ஒருவரின் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்த எங்கள் ஊர் அம்மா ஒருவர், "தம்பி, எவ்வளவு பசளை போட்டது எண்டெல்லாம் வடிவா எழுதியிருக்கிறியள், வயல் தலைமடையோ கடைமடையோ எண்டு எழுதேல்லையே?" என்று கேட்டார். அந்த ஒரு நிரல் சேர்க்கப்பட்ட பின்னர், பசளையின் விளைவு என்று தோன்றியதில் கணிசமான பங்கு தண்ணீரின் விளைவாக இருக்கக்கூடும் என்ற ஐயம் மாணவருக்கே வந்தது. அளவீட்டிலும் இத்தகைய நுணுக்கங்கள் உள்ளன. மூடைக் கணக்கை நம்பினால் ஈர நெல்லும் காய்ந்த நெல்லும் ஒன்றாகிவிடும். சிறிய சோதனைத் திடலில் இயந்திரத்தை இறக்கவும் முடியாது. ஒரு மீற்றர் சதுரச் சட்டத்தை வைத்துக் கையால் வெட்டிக் காயவிட்டு நிறுப்பதே சரி; அதற்கான கூலியை யார் தருவது என்று முன்னரே பேசி எழுதிவைப்பதும் அவசியம்.

கூட்டாளிகள் எங்களுக்குத் தொலைவில் இல்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடம் கிளிநொச்சியின் அறிவியல் நகரில் இருக்கிறது. விவசாயத் திணைக்களத்தின் பிராந்திய ஆராய்ச்சி நிலையமும் கிளிநொச்சியிலேயே இருக்கிறது. கமநல சேவை நிலையமும் விவசாயப் போதனாசிரியரும் இன்னும் அருகில். இடைஞ்சல் எங்கே என்றால், கணக்காண்டு மார்கழியில் முடிகிறது, காலபோக அறுவடையோ மாசி, பங்குனியில் வருகிறது. பணம் முடிந்த இடத்தில் பயிர் பாதியில் நிற்கும். அறிக்கையில் அது "நிறைவு" என்று பதியப்படும். அடுத்தது நட்டம். கால் ஏக்கரில் புதிய முறையைச் செய்து பார்க்கச் சொல்பவர், அது பிழைத்தால் பக்கத்துத் தாக்கின் விளைச்சலுக்கு ஈடான நெல்லைத் தருவதாக ஒப்பந்தத்தில் எழுதவேண்டும். இது இல்லாவிட்டால் நிலமும் வசதியும் உள்ளவர்கள் மட்டுமே ஆய்வில் சேர்வார்கள். கணவனை இழந்து குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்கள், வன்னியில் இவர்களின் தொகை சிறியதல்ல, பார்வையாளர்களாகவே இருந்துவிடுவார்கள். முடிவுகள் தமிழில், அடுத்த விதைப்புக்கு முன்னர், ஊருக்கே திரும்பி வரவேண்டும் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கவேண்டிய விடயம்.

பிற நாடுகளில் இது நடந்திருக்கிறது. மலாவியின் வடபகுதியில் எக்வென்டேனி என்ற இடத்தில், குழந்தைகளின் போசாக்கின்மையைக் கண்ட மருத்துவமனை ஒன்றோடு இணைந்து 2000 அளவில் தொடங்கிய வேலையில், ஊரவர்களைக் கொண்ட ஆய்வுக்குழு அமைந்தது. கச்சானையும் துவரையையும் சேர்த்து விதைத்து அவற்றின் எச்சத்தை மண்ணில் புதைக்கும் முறை வீட்டுக்கு வீடு பரவியது. மண்ணுக்காக மட்டும் சொல்லியிருந்தால் அது அவ்வளவு தூரம் போயிருக்குமா என்பது எனக்கு ஐயமே. பிள்ளையின் சாப்பாட்டோடு சேர்ந்ததால் போனது. பிலிப்பைன்ஸில் 1980களின் நடுப்பகுதியில் உருவான மசிபாக் அமைப்பு இன்னும் ஒருபடி மேலே சென்று, கமக்காரர்களே நெல்லினங்களைக் கலப்புச் செய்து தெரிவுசெய்யப் பழக்கியது. நெல் தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர் என்பதால் தெரிவுசெய்த விதையை வீட்டிலேயே பேணலாம். வீரிய சோளத்தில் அது இயலாது.

வரும் காலபோகத்துக்கு எங்கள் அமைப்பு எடுத்துக்கொண்ட கேள்வி பன்றிநெல் பற்றியதே. முளைக்கவிட்டு உழுது விதைக்கும் தாக்கையும் வழமைபோல் விதைக்கும் தாக்கையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, தலைமடையிலும் கடைமடையிலும் விரும்பியவர்கள் செய்யவிருக்கிறார்கள்; சதுரச் சட்டம் வைத்துப் பன்றிநெல்லை எண்ணும் வேலையைப் பெண்கள் சங்கம் கூலிக்கு ஏற்றுக்கொண்டிருக்கிறது. விதைப்புத் திகதியில் சோதனைத் தாக்குகளுக்கு மட்டும் விலக்குக் கேட்டு எழுதிய கடிதம் காலபோகக் கூட்டத்தில் வைக்கப்படும். எஞ்சியிருப்பது அறுவடை இயந்திரம். வயலுக்குள் இறங்குமுன் அதைத் துப்புரவாக்க அரைநாள் போகும், அந்த அரைநாளின் வாடகையை உரிமையாளர் ஏற்பதா கமக்காரர் ஏற்பதா என்று இன்னும் முடிவாகவில்லை. உரிமையாளர்கள் எங்கள் அமைப்பின் உறுப்பினர்கள் அல்லர். ஆதலால் விதைப்புக்கு முன்னான கூட்டத்துக்கு அவர்களையும் அழைத்திருக்கிறோம்.